எட்டாம் கணக்கில் ஒரு கலவன்

பஞ்சநதம் யாரையும் லேசில் நம்பமாட்டார் என்பது நத்தவெளியில் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் வீட்டுக்குள் எடுப்பார். கல்யாணப் பத்திரிகை வைத்தால், முகூர்த்தத் தேதி அந்தக் கிழமையில்தான் வருகிறதா என்று வந்தவர் எதிரிலேயே காலண்டரைப் புரட்டுவார். ஊரில் இதற்காக அவரைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. ஆனால் விதை நெல் வேண்டுமென்றால் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். சந்தேகப்படுவது அவருக்குத் தொழில்.

இரண்டு ஏக்கர் சொந்தம், ஒரு ஏக்கர் குத்தகை. மூன்றையும் விதைப்பண்ணையாகப் பதிவு செய்து சம்பா போட்டிருந்தார். விதை நெல் வயலில் வேறு ரகப் பயிர் ஒன்றிரண்டு எப்படியாவது முளைத்து நிற்கும். அதற்குக் கலவன் என்று பெயர். ஒன்று ஒரு சாண் வளர்த்தியாக இருக்கும், ஒன்று முந்திக்கொண்டு கதிர் விடும், ஒன்று நெல்லின் நுனியில் சிவப்பாக மீசை வைத்திருக்கும். கதிர் வெளிவரும் மார்கழியில் வயலுக்குள் இறங்கி வரிசை வரிசையாகப் பார்த்து அவற்றைப் பிடுங்கியாக வேண்டும். பிறகு அதிகாரி வந்து எண்ணுவார். ஆயிரம் பயிரில் இரண்டுக்கு மேல் கலவன் இருந்தால் மூன்று ஏக்கரும் வெறும் சாப்பாட்டு நெல்லாகிவிடும். முப்பது வருஷமாக ஒவ்வொரு கதிரையும் ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்டுப் பழகிய மனுஷனுக்கு அந்தப் புத்தி வரப்போடு நின்றுவிடுமா என்ன.

அந்தச் செவ்வாய்க்கிழமை, இரண்டு நாள் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. நடுவில் பஞ்சநதம், இரண்டு பக்கமும் அம்சமும் இன்னும் மூன்று பெண்களும், ஆளுக்கு ஆறு வரிசை பார்த்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தார்கள்.

“அண்ணே, இது கலவன்தானே?” அம்சம் ஒரு பயிரைப் பிடித்துக் காட்டினாள்.

“மீசை இருக்கா?”

“மீசை இல்ல. வளத்திதான் கூட.”

“வேரோட எடு. கதிரை மட்டும் கிள்ளிப்புட்டு எடுத்துட்டேன்னு சொல்லாத.”

“இருவது வருஷமா ஒங்க வயல்லதான் எடுக்குறேன். இன்னமும் கிள்ளுறேனா புடுங்குறேனான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க. அண்ணியப் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் பல்லை எண்ணிப் பாத்தீங்களா?”

பெண்கள் சிரித்தார்கள். அம்சம் வீசிய பயிரில் வேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பஞ்சநதமும் சிரித்தார்.

அப்போதுதான் அவர் மனைவி மலர்க்கொடி கையில் போனோடு வரப்பில் வந்தாள். சாப்பாட்டு நேரம் ஆகவில்லை. தூக்குவாளியும் இல்லை.

“ஏங்க, கொஞ்சம் மேல வாங்க.”

“அங்கேருந்தே சொல்லு.”

“வாங்கன்னா வாங்களேன்.”

அம்சத்தின் காதுக்குப் போனால் ஊருக்கே போய்விடும் என்று மலர்க்கொடிக்குத் தெரியும். அவர் வரப்பேறி வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

“பள்ளிக்கூடத்துலேருந்து கணக்கு டீச்சர் போன் பண்ணாங்க. நம்ம குந்தவை பரீட்சையில பாத்து எழுதிட்டாளாம்.”

“யாரைப் பாத்து?”

“பக்கத்துல ஒக்காந்திருந்த ஷோபனாவை. எட்டாவது கணக்குல ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ணிருக்காங்களாம். கிளாஸ்ல வேற யாரும் அந்தத் தப்பைப் பண்ணலையாம். நாளன்னிக்கு வியாழக்கெழம நாலு மணிக்கு ஒங்களை வரச் சொல்றாங்க. பாத்து எழுதுனது நெஜம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணுமாம். கணக்கு குரூப்ல இவளால தாக்குப் புடிக்க முடியல, வேற குரூப்புக்கு மாத்திக்கங்கன்னு சொல்றாங்க.”

வேறு தகப்பனாக இருந்தால் ‘என் பொண்ணா?’ என்று கேட்டிருப்பார். பஞ்சநதம், “பெஞ்சு எவ்வளவு நீளம்?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்?”

“பக்கத்துப் பேப்பர் தெரியிற தூரமா, தெரியாத தூரமா? அதைக் கேக்க வேணாமா?”

மலர்க்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். குந்தவை பதினொன்றாம் வகுப்பு. பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க் வாங்கி, அடம் பிடித்து அந்த குரூப்பில் சேர்ந்தவள். கும்பகோணம் காலேஜில் கணக்கு எடுத்துப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. குரூப் மாறினால் அது அத்தோடு போயிற்று. மலர்க்கொடிக்கு அதுதான் கவலை.

சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் குந்தவை வந்தாள். முகம் வீங்கியிருந்தது. மலர்க்கொடி இட்லியும் மத்தியானத்து மீன் குழம்பும் எடுத்து வைத்தாள். அவள் தொடவில்லை. பஞ்சநதம் எதிரில் மணையைப் போட்டு உட்கார்ந்தார்.

“பாத்தியா?”

“இல்லப்பா.”

“பின்ன எப்படி ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு?”

“நான் பாக்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“அந்தப் பொண்ணு வரி வரியா எழுதிருக்காம். நீ விடையை மட்டும் எழுதிருக்கியாம். அதான் டீச்சருக்குச் சந்தேகம். நானும்தான் கேக்குறேன், வழியில்லாம விடை எங்கேருந்து வரும்?”

“எனக்கு மனசுலயே வந்துருது. எதுக்கு அத்தனை வரி?”

மலர்க்கொடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினாள். “பாத்திருந்தா பாத்தேன்னு சொல்லிடு கண்ணு. யாரும் செய்யாததா? அப்பா டீச்சர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடியாவது சரி பண்ணிருவாங்க. பொய் சொல்லி மாட்டிக்கிட்டாத்தான் கஷ்டம்.”

“நான் பொய் சொல்றேன்னு நீயும் முடிவு பண்ணிட்டியாம்மா?”

மலர்க்கொடியின் கை நின்றது. ஆனால் ‘இல்லை’ என்று அவள் வாயில் வரவில்லை.

பஞ்சநதம் பரீட்சைத் தாளைக் கேட்டார். அது டீச்சரிடம் இருந்தது. கேள்வித்தாள் மட்டும் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். எண்கள் தெரிந்தன, நடுவில் எக்ஸ் எக்ஸாக நின்றது.

“இது என்ன கணக்கு?”

“வகைக்கெழு.”

“அப்படின்னா?”

“ஒண்ணு மாறுறப்ப அதோட சேந்த இன்னொண்ணு எவ்வளவு வேகமா மாறுதுன்னு கண்டுபிடிக்கிறது. சுலபந்தாம்ப்பா. எக்ஸ் தலையில மூணு இருந்தா, அந்த மூணை எறக்கி முன்னாடி போடணும். தலையில ஒண்ணு கொறஞ்சு ரெண்டாயிரும். முன்னாடி ஏற்கெனவே ஒரு நம்பர் இருந்தா அதோட பெருக்கிக்கணும். தனியா எக்ஸ் இல்லாம நிக்கிற நம்பருக்குப் பூஜ்ஜியம்.”

“பூஜ்ஜியமா? அஞ்சுன்னு எழுதிருக்கே, அந்த அஞ்சு எங்க போச்சு?”

“எங்கயும் போகல. அது மாறவே மாறாது. மாறாததால மாற்றம் பூஜ்ஜியம்.”

அஞ்சு அங்கேயே இருக்கிறது, ஆனால் பூஜ்ஜியம். இது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்துவந்தார். புத்தகத்திலிருந்து கணக்குக் கொடுத்தால் விடையைப் பின்னால் பார்த்திருப்பாள். அதனால் தானே கணக்கு உண்டாக்கினார். உரமூட்டையில் அச்சடித்திருந்த எண், வண்டி நம்பர், மின்சார மீட்டரின் எண் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து, நடுவில் எக்ஸைச் செருகி, தலையில் இஷ்டத்துக்கு எண்களை ஏற்றிவிட்டார். 7x³ – 4x² + 9x – 2 என்று ஒன்று. தலையில் பதினொன்று வைத்து ஒன்று. இப்படி ஏழு.

“அந்த எட்டாவது கணக்கு எது?”

அவள் காட்டினாள். (12 – x)² என்று இருந்தது. அதே மாதிரி, பன்னிரண்டுக்குப் பதிலாக ஒன்பது, இருபது, ஐந்து என்று போட்டு மூன்று கணக்கு எழுதிச் சேர்த்தார். ஒன்று போதாதா என்றால், அதிர்ஷ்டத்தில் ஒன்று சரியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்பார்.

குந்தவை தாளை வாங்கினாள். அவளுக்கும் அவளுடைய பைக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டார். முதல் கணக்குக்கு 21x² – 8x + 9 என்று ஒரே வரி எழுதினாள். பத்தையும் முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

பஞ்சநதம் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சரியா தப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. சிலிண்டரை நிறுத்துப் பார்க்கலாம், நெல்லைக் கடித்துப் பார்க்கலாம். இதை என்ன செய்வது? ஆயுசில் முதல்முறையாகச் சோதிக்க முடியாத ஒன்று கையில் அகப்பட்டிருந்தது. அவருக்குப் பயமாகக்கூட இருந்தது.

புதன்கிழமை காலை மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வழியில் அப்துல் அஜீஸ் உரக்கடையில் நிறுத்தினார். அஜீஸின் மகன் ஜாபிர் இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் துபாய் விசாவுக்காகக் காத்திருந்தான். அதுவரை கல்லாவில் உட்கார்ந்து, பூச்சிமருந்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். பஞ்சநதம் கணக்கை மட்டும் வேறு தாளில் எழுதிவந்து அவனிடம் நீட்டினார்.

“தம்பி, இந்தப் பத்துக் கணக்கையும் தனியாப் போட்டுக் குடு. இவ போட்டது என்கிட்ட இருக்கு. அதைப் பாக்காமப் போடு.”

“எதுக்கு மாமா?”

“போடேன்.”

ஜாபிர் சிரித்துக்கொண்டே பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட ஆரம்பித்தான். “யாரு மாமா இந்தக் கணக்கெல்லாம் குடுத்தது? எந்தப் புத்தகத்துலயும் இப்படி நம்பர் வராதே.” போட்டு முடித்ததும் பஞ்சநதம் மடியிலிருந்து குந்தவையின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“மொத ஏழும் கரெக்ட்,” என்றான் ஜாபிர். “கடைசி மூணும் தப்பு. குறி மாறிருக்கு. இதோ பாருங்க, ஒம்போது கழித்தல் எக்ஸுக்கு இவ பதினெட்டு கழித்தல் ரெண்டு எக்ஸ்னு எழுதிருக்கா. அப்படியே தலைகீழ். கழித்தல் பதினெட்டு, கூட்டல் ரெண்டு எக்ஸ்னு வரணும்.”

பஞ்சநதத்தின் முகம் இருண்டது. “அப்ப அந்த மாதிரிக் கணக்கு இவளுக்கு வராது. வராததைத்தான் பாத்து எழுதிருக்கா.”

வண்டியருகே நின்றிருந்த குந்தவைக்கு அது நன்றாகக் கேட்டது. ஜாபிருக்கு என்ன நடக்கிறது என்று பாதிதான் புரிந்தது. அவன் அவளைக் கூப்பிட்டான்.

“இதை எப்படிப் போட்ட? எனக்குச் சொல்லு.”

அவள் விலைப்பலகைக்கு வைத்திருந்த சாக்கட்டியை எடுத்து, சிமெண்டுத் தரையில் ஒரு சதுரம் வரைந்தாள்.

“பரீட்சையில பன்னெண்டுன்னு பாத்ததும் எனக்கு நெலம் அளக்குற குழிக்கணக்குதாண்ணே ஞாபகம் வந்துச்சு. பன்னெண்டு அடிக்குப் பன்னெண்டு அடி ஒரு குழி. இந்த ரெண்டு பக்கமும் வாய்க்கா ஓரம்னு வெச்சுக்கங்க. எக்ஸ் அடி அரிச்சிட்டுப் போயிருச்சு. மிச்சமிருக்குற பக்கம் பன்னெண்டு கழித்தல் எக்ஸ். இன்னும் கொஞ்சம் அரிச்சா, ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொரு பட்டை போகும். ஒரு பட்டையோட நீளம் பன்னெண்டு கழித்தல் எக்ஸ். ரெண்டு பட்டைக்கு இருபத்து நாலு கழித்தல் ரெண்டு எக்ஸ். அப்பா குடுத்த மூணையும் அப்படியேதான் போட்டேன்.”

“பட்டையெல்லாம் சரிதான். நெலம் கூடுதா, கொறையுதா?”

“கொறையுது.”

“அப்ப முன்னாடி ஒரு கழித்தல் வேணாமா?”

“எவ்வளவு கொறஞ்சுதுன்னுதானே எழுதுறோம்? கொறைச்சல்னு ஆனதுக்கப்புறம் அதுக்கு வேற எதுக்கு ஒரு கழித்தல்?” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “அதையும் சேத்து எழுதணுமா?”

“எழுதணும்.”

“சே.” சாக்கட்டியைக் கீழே வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் மழைக்கு வாய்க்கால் கரை இடிந்து வயல் போனால், நாலு குழி குறைந்துபோச்சு என்றுதான் எல்லோரும் சொல்வோம். கழித்தல் நாலு குழி என்று யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஐப்பசிக்குப் பிறகும் பன்னிரண்டு அடிக் கோலை எடுத்துக்கொண்டு பஞ்சநதம் அந்தக் குறைச்சலை அளக்கப் போவார். கோலின் மறுமுனையைப் பிடிக்கப் போகிறவள் குந்தவைதான்.

“மாமா, இது தப்புதான்,” என்றான் ஜாபிர். “ஆனா பாத்து எழுதுன தப்பு இல்ல. இது இவளோட சொந்தத் தப்பு. படம் போட்டு யோசிக்கிற பொண்ணு மாமா, இதைப் போயி கணக்கு வராதுன்னு சொல்றாங்களா?”

பஞ்சநதம் தலையாட்டினார். நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அந்தத் தலையாட்டல் எங்கேயோ போய்விட்டது.

“ஜாபிர் எதுக்கு ஒனக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறான்?”

அவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார்.

“முன்னாடியே பழக்கமா?”

“வண்டிய நிறுத்துங்கப்பா.”

“எதுக்கு?”

“நிறுத்துங்க.”

அவர் நிறுத்தியதும் இறங்கிப் பையை மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் இன்னும் அரை கிலோமீட்டர் இருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கேட்டிருக்கக் கூடாது என்று பஞ்சநதத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. வாய்க்குள் மண் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் கேட்டது கேட்டதுதான்.

வயலுக்கு வந்தவர் நேராகச் சேற்றில் இறங்கினார். தெற்கு வரப்பை ஒட்டி அம்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரப்புக்கு அந்தாண்டை வைரக்கண்ணுவின் வயல்.

“இந்தாங்கண்ணே, ஒங்க மீசைக்காரன்.” வேரோடு ஒரு பயிரை நீட்டினாள். நுனி சிவந்த மீசை வைத்த கதிர்.

“இது எப்படி இங்க வந்துச்சு? வெதைய நான் ரெண்டு தடவை சலிச்சேனே.”

“அதுக்கு ஏண்ணே மண்டைய ஒடைக்கிறீங்க? அந்தாண்ட பாருங்க, வைரக்கண்ணு வயல் பூரா மீசைதான். போன தடவ அறுப்பு மிஷின் அங்க அறுத்துட்டு நேரா இங்கதானே எறங்குச்சு. அங்க பூரா நிக்குது, இங்க ஒண்ணே ஒண்ணு நிக்குது. எங்கேருந்து எங்க வந்துச்சுன்னு கேக்கணுமா?”

பஞ்சநதம் அந்தப் பயிரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்சம் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். மத்தியானம் மலர்க்கொடி பழைய சோறும் சுட்ட கருவாடும் கொண்டுவந்தபோது, அவர் ஏதோ பெரிய யோசனையில் வரப்பில் குந்தியிருந்தார்.

“சாப்புடுங்க. நேத்திலேருந்து சரியா சாப்புடல.”

“அந்த ஷோபனா பேப்பரை நான் பாக்கணும்,” என்றார்.

“நீங்க பாத்து?”

“எழுத்து புரியாட்டி என்ன. பயிர் என்ன பேசவா செய்யுது?”

மலர்க்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. கருவாட்டைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்தார்கள். பிரகதாம்பாள் டீச்சர் ஆசிரியர் அறையில் காத்திருந்தார். கும்பகோணத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர், கண்டிப்பானவர், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காதவர் என்றும் பெயர். மேஜையில் இரண்டு விடைத்தாள்களும் ஒரு வெள்ளைத்தாளும் இருந்தன. குந்தவை சுவரோரமாக நின்றாள்.

“உக்காருங்க. எனக்கும் இது சங்கடமாத்தான் இருக்கு. நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா, நான் அவளை நம்புறேன். எல்லாப் பெத்தவங்களும் அதைத்தான் சொல்றாங்க.”

“இல்லீங்க டீச்சர். நான் நம்பல.”

டீச்சர் நிமிர்ந்தார். குந்தவையும் நிமிர்ந்தாள்.

“நம்பாமதான், நானாப் பத்துக் கணக்கு உண்டுபண்ணி, எதிர்ல நின்னு போட வெச்சேன். படிச்ச பையன் ஒருத்தனை வெச்சுத் திருத்துனேன். ஏழு சரி, மூணு தப்பு. அந்த மூணும் ஒங்க எட்டாவது கணக்கு மாதிரியே. மூணுலயும் அதே தப்பு. பாருங்க.”

டீச்சர் வாங்கிப் பார்த்தார். உரமூட்டை எண்களைப் பார்த்து அவர் புருவம் உயர்ந்தது. கடைசி மூன்றில் பேனா நின்றது. குந்தவையைக் கூப்பிட்டு எப்படிப் போட்டாள் என்று கேட்டார். அவள் குழியையும் வாய்க்காலையும் பட்டையையும் மறுபடி சொன்னாள். குரலில் உயிரே இல்லை.

“சரி, இவளுக்கு இப்படி ஒரு பழக்கம் இருக்குன்னு வெச்சுக்குவோம்,” என்றார் டீச்சர். “ஆனா ஷோபனாவும் அதே விடையை எழுதிருக்காளே. அவ வரிசையாப் போட்டிருக்கா, கடைசியில குறியில சறுக்கிட்டா. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே எடத்துல சறுக்குமா?”

“அந்தப் பொண்ணு பேப்பரை நான் பாக்கலாங்களா?”

“உங்களுக்குப் புரியாதே.”

“புரியாதுங்க. நான் கேக்குறதுக்கு நீங்க பதில் சொன்னாப் போதும்.”

டீச்சர் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். பஞ்சநதம் விரலை எட்டாவது கணக்கின் மேல் வைத்தார். 144 – 24x + x² என்று ஒரு வரி, அதன் கீழே 24 – 2x என்று விடை.

“இந்த மேல் வரி சரிங்களா?”

“சரி.”

“மேல் வரியிலேருந்து கீழ் வரிக்குப் போனா இந்த விடை வருங்களா?”

“வராது. ரெண்டு குறியும் மாறிருக்கு. அதான் சறுக்கிட்டான்னு சொன்னேன்.”

“கழித்தல் வர்ற கணக்கு இந்தப் பேப்பர்ல வேற எங்கயாவது இருக்குங்களா?”

டீச்சர் விரலால் தேடினார். “மூணாவது. அஞ்சாவது. ஒம்போதாவதும்.”

“அதுலயெல்லாம் இந்தப் பொண்ணு சறுக்கிருக்காங்களா?”

டீச்சர் மூன்றாவதைப் பார்த்தார். ஐந்தாவதைப் பார்த்தார். எல்லாக் குறியும் அதனதன் இடத்தில் இருந்தது.

“எங்க தொழில்ல ஒண்ணு உண்டுங்க,” என்றார் பஞ்சநதம். “ரெண்டு வயல்ல ஒரே கலவன் இருந்தா, எது பூரா நிக்குது, எது ஒண்ணே ஒண்ணு நிக்குதுன்னு பாப்போம். இந்தத் தப்பு எம்பொண்ணு வயல்ல வெதைச்ச எடத்துலயெல்லாம் மொளைக்குது. அந்தப் பொண்ணு வயல்ல ஒத்தையா நிக்குது. அப்ப இது எங்கேருந்து எங்க போயிருக்குங்க?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு ஷோபனாவின் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். 24 – 2x என்று இருந்த இடத்தில் தாள் கொஞ்சம் மெலிந்திருந்தது. மை அழிப்பான் போட்டுத் தேய்த்த தடம்.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஷோபனாவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்து தாளைப் பார்த்ததுமே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“எனக்கு மொதல்ல கழித்தல் இருபத்து நாலுதான் டீச்சர் வந்துச்சு. குந்தவை பேப்பர் தெரிஞ்சுது. அதுல வேற மாதிரி இருந்துச்சு. அவ எப்பவுமே கரெக்டாப் போடுவா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு அழிச்சிட்டு மாத்திட்டேன்.”

சரியாக இருந்ததை அழித்துவிட்டுத் தப்பை எழுதியிருக்கிறாள். பிரகதாம்பாள் டீச்சருக்குக் கோபப்படுவதா பரிதாபப்படுவதா என்று தெரியவில்லை. அவளை நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லி அனுப்பினார். வெள்ளைத்தாளை நாலாக மடித்துக் கூடையில் போட்டார். “இந்தக் கணக்குக்கு ரெண்டு பேருக்கும் மார்க் கிடையாது. நீ கணக்கு குரூப்லயே இரு, எங்கயும் போக வேணாம். இனிமே படத்தையாவது போட்டுக் காட்டு. நான் அவசரப்பட்டுட்டேன் குந்தவை, மனசுல வெச்சுக்காத,” என்றார். எழுந்தபோது பஞ்சநதத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நம்புறேன்னு சொல்லிருந்தீங்கன்னா நான் கேட்டிருக்க மாட்டேன். நீங்க நம்பாததுதான் உங்க பொண்ணுக்கு நல்லதாப் போச்சு.”

பஞ்சநதத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. படியிறங்கும்போது வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டக் குதித்தார். வெளியே பஸ் நிற்கிற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. வண்டியை அதில் இறக்காமல் சுற்றிக் கொண்டுவந்து மகள் பக்கத்தில் நிறுத்தினார்.

“ஏறு. அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பா.”

“நான் பஸ்ல வர்றேன்பா.”

“வண்டி இருக்குறப்ப பஸ் எதுக்கு? இன்னும் என்ன கோவம்? அதான் எல்லாம் தீந்துபோச்சே. நான் மட்டும் அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பாக்கலன்னா...”

“தெரியும்பா. நீங்கதான் காப்பாத்துனீங்க.”

“பின்ன?”

குந்தவை தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “ஷோபனா மொதல்ல போட்டது கரெக்ட். அதை அழிச்சிட்டு நான் போட்டதை எழுதிருக்கா. நான் போட்டா சரியாத்தான் இருக்கும்னு. இதுல என்னைய நம்புன ஆளு அவ ஒருத்திதாம்ப்பா.”

பஞ்சநதத்துக்கு உள்ளே இருந்த பெருமையெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நேற்று வண்டியில் கேட்ட கேள்வி வேறு நினைவுக்கு வந்து, அவமானமாக இருந்தது.

“இனிமே நானும் நம்புறேன் பாப்பா,” என்றார்.

அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அவசரப்படாமல், நெற்றியிலிருந்து தாடை வரை நன்றாகப் பார்த்தாள்.

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. குந்தவை ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பஸ் கிளம்பியதும் பஞ்சநதம் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தார். ஆக்ஸிலேட்டரைத் திருகப் போனவர் நிறுத்தினார். பின்னாலேயே போனால் வேவு பார்க்க வருகிறார் என்று நினைப்பாள். முந்திக்கொண்டு போனால், முன்னாடி போய் நின்று யாரோடு இறங்குகிறாள் என்று பார்க்கிறார் என்று நினைப்பாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பஸ் வளைவில் திரும்பி மறைகிறவரை அங்கேயே நின்றார். அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள், புகை அடிக்கிறது, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்றார்கள்.